மகள் மேல் ஒரு பிராது

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. வரப்பை வெட்டிக்கொண்டான் என்று கட்டுவார்கள். பூட்டின வீட்டில் செயினைக் காணோம் என்று கட்டுவார்கள். தாலி கட்டினவன் விட்டுவிட்டுப் போனான் என்று கட்டுவார்கள். பெற்ற மகள் பரீட்சை எழுதப் போகிறாள் என்று பிராது கட்டின ஆள், எனக்குத் தெரிந்து, தங்கதுரை ஒருவர்தான். பாஸாக வேண்டும் என்று கட்டியிருந்தாலாவது பத்தோடு பதினொன்று என்று விட்டிருக்கலாம். மனுஷன் கட்டினது வேறு.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குப் போகிற மாதிரிதான் இதுவும். பேர், ஊர், குறை எல்லாவற்றையும் சாமிக்கு மனுவாக எழுத வேண்டும். கோயில் ஆபீஸில் பதிந்துகொண்டு, பூஜையில் வைத்துக் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வந்தால், மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. தீர்ந்த பிறகு சும்மா இருந்துவிடக் கூடாது. திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். ராஜினாமா கொடுக்காத வழக்கு நம் தலைக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும் என்பார்கள்.

தங்கதுரை கோடு போட்ட தாளில் இப்படி எழுதியிருந்தார்: 'மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, விருத்தாசலம் ஜங்ஷன் பின்புறம் குடியிருக்கும் கலியன் மகன் தங்கதுரை எழுதிக்கொண்ட பிராது. என் சம்சாரம் கனகா கொரோனாவில் தவறிவிட்டாள். எனக்கு யுவஸ்ரீ என்று ஒரே மகள். ப்ளஸ் டூ படிக்கிறாள். வக்கீல் படிப்புக்குப் பரீட்சை எழுதப்போகிறாள். அவள் தூர ஊருக்குப் போகாமல் என் கண்ணெதிரே இருக்கும்படி சாமிதான் செய்ய வேண்டும்.'

ஆபீஸில் இருந்த எழுத்தர் வாங்கிப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"எதிராளி பேரு போடலயே?"

"எதிராளில்லாம் யாரும் இல்லீங்க," என்றார் தங்கதுரை.

அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செராமிக் எஸ்டேட்டில், கரண்டுக் கம்பத்துக்கு வைக்கிற பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற ஒரு யூனிட்டில், காய்ந்த உருப்படிகளை டிராலியில் அடுக்கிச் சூளைக்குத் தள்ளுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. வாய் திறக்க வேண்டிய அவசியமில்லாத வேலை. ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். மகள் கூடத்தில் நடந்துகொண்டே இங்கிலீஷ் பத்திகளைச் சத்தமாக வாசிப்பாள். கோர்ட்டு, ஜட்ஜ்மெண்டு என்று நடுநடுவே காதில் விழும். மற்றபடி ஒரு வரி புரியாது. சுவரில் சாய்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். கனகா போன பிறகு அந்த வீட்டில் மனுஷக் குரல் என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

அக்டோபரில் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நாள் பயிற்சி முகாமுக்குக் கடலூர் கூட்டிப்போனார்கள். அந்தப் பத்து நாளும் தங்கதுரை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. புரோட்டாவை வாங்கிவந்து நின்றுகொண்டே தின்றார். மூன்றாம் நாள் சாயந்திரம், என்ன தோன்றியதோ, மகள் படிக்கிற இடத்தில் இருந்த டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். அது கடகடவென்று தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். பத்தாம் நாள் அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "யாருமில்லாம ஏம்பா ஃபேன் ஓடுது?" என்று கேட்டதற்கு, "மறந்துட்டேன் பாப்பா," என்றார். மறுவாரம் போய்ப் பிராது கட்டினார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் பரீட்சை. காலை வண்டியில் அவரே கூட்டிப்போனார். பெண்ணாடம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம். இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. 'இது என்ன தூரம்? விடிஞ்சு கிளம்பினா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம்' என்று மனசு துள்ளியது. திருச்சியிலேயே ஒரு சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று மகள் சொல்லியிருந்தாள். பிராதில் 'திருச்சி தவிர' என்று ஒரு வரி சேர்க்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நாலு மணிக்கு வெளியே வந்தவள் முகம் செத்துப்போயிருந்தது.

"கடைசி மூணு பத்தி படிக்கவே இல்லப்பா. நேரம் பத்தல. குத்துமதிப்பாப் போடலாம்னா, தப்பாப் போனா இருக்கிற மார்க்கையும் புடிச்சிக்குவாங்க. அப்டியே வுட்டுட்டேன்."

பாவம் என்று நினைத்தார். கூடவே பிராது ஞாபகமும் வந்தது. ரயிலில் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

ரிசல்ட் வந்தது. திருச்சிக்கு நாலு மார்க் குறைவு. ஆனால் இடமே இல்லை என்று சொல்ல முடியாது.

"கவுகாத்தில கண்டிப்பாக் கெடைக்கும்னு டீச்சர் சொல்றாங்கப்பா."

"அது எங்க இருக்குது?"

"அசாம்ல."

யூனிட்டில் முன்பு மண் அரைத்துக்கொண்டிருந்த அசாம்காரர் ஒருவர், ஊருக்குப் போக மூன்று நாள், வர மூன்று நாள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். தங்கதுரைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்றே வாசுகி டீச்சர் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் இந்தப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான்.

"யுவஸ்ரீ அப்பாங்களா? சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள கவுன்சிலிங்குக்குப் பதிவு பண்ணணுங்க. ஃபீஸப் பத்திலாம் யோசிக்காதீங்க, அது நாங்க பாத்துக்கிறோம்."

"அடுத்த வருஷம் திரும்ப எழுதுனா திருச்சி கெடைக்கும்தானே டீச்சர்?"

"கெடைக்கலாம். வாசிக்கிற வேகம்தான் அவளுக்குக் கொறச்சல், ஒரு வருஷத்துல வந்துரும். ஆனா ஸ்கூலு முடிஞ்ச புள்ளைய நான் கிளாஸ்ல உக்கார வெக்க முடியாதுங்க. வூட்லயே தனியாப் படிக்கணும். கையில இருக்கிறத வுட்டுட்டு ஒக்காரணும். ரெண்டுமே தப்பில்ல. அவளே முடிவெடுக்கட்டும். நீங்க எதுவும் சொல்லி அமுக்கிடாதீங்க."

சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்று தலையாட்டினார். அமுக்கியது அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே.

யுவஸ்ரீ நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'போவது', அந்தப் பக்கம் 'திரும்ப எழுதுவது' என்று எழுதிக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் நிரம்பியிருந்தது. 'போவது' பக்கத்தில் கடைசியாக 'அப்பா' என்று எழுதி, எழுதினதைப் பேனாவால் அடித்துவிட்டிருந்தாள். அடித்ததற்குள்ளேயும் படிக்க முடிந்தது.

"நீ என்னாப்பா சொல்ற?"

"திரும்பத்தான் எழுதேன். நாலே நாலு மார்க்கு. ஒரு வருஷம் என்னா, ஓடியா போவுது?"

நியாயஸ்தன் மாதிரி சொன்னார். குரலில் ஒரு நடுக்கமில்லை. உள்ளுக்குள் கொளஞ்சியப்பருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவரைப் பார்த்தாள். "நெசமா எனக்காகத்தான் சொல்றியா?"

"பின்ன யாருக்காவ?"

வியாழக்கிழமை சாயந்திரம் அவள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பதிவு மட்டும் பண்ணி வச்சிர்றேன்பா. பண்ணி வச்சாத்தான் யோசிக்கவாச்சும் முடியும். ஒன் நம்பருக்கு ஓ.டி.பி. வரும், பாத்துச் சொல்லு. பத்து நிமிஷம்தான் செல்லும்." அவளுக்கென்று போன் கிடையாது. பரீட்சைக்கு மனு போட்டபோதே அப்பா நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

சட்டைப் பைக்குள் போன் உறுமியது. தங்கதுரை இருமினார். வெளியே எடுத்துப் பார்த்தார். ஆறு எண்கள். பளிச்சென்று நின்றன.

"வந்துச்சாப்பா?"

"வரலயே."

இன்னொரு தடவை அனுப்பச் சொன்னாள். மறுபடி உறுமல், மறுபடி இருமல், மறுபடி வரலயே. மூன்றாவது தடவையும் அப்படியே. "டவர் இல்ல போலருக்குது," என்று போனைத் தூக்கி ஜன்னலண்டை காட்டி ஒரு நாடகம் வேறு. நல்ல வேளை, பார்க்கிறதுக்குக் கனகா இல்லை. இருந்திருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பாள்.

"சரி வுடு. சர்வர் பிஸியா இருக்கும்," என்று யுவஸ்ரீ டேப்பை மூடினாள்.

அவர் தோட்டத்துப் பக்கம் போய் மூன்று மெசேஜையும் அழித்தார். வாழ்க்கையில் யாரையும் ஏமாற்றியதில்லை. முதல் ஆளாகப் பெற்ற பெண் கிடைத்தாள். அன்று அவள் வாசிக்கவில்லை. வீடு கம்மென்று கிடந்தது. பக்கத்தில் அவள் இருக்கும்போதே இப்படி இருக்கிறதே என்று அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை யூனிட்டில் பதினோரு மணி டீ. டீக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு அவர் வழக்கமாக உட்கார்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அமுதவள்ளி வேலை செய்வாள். சூளைக்குப் போகுமுன் உருப்படியின் ஓரங்களை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை. பத்தொன்பது வயசு. ஒரு காதில் எப்போதும் பாட்டு ஓடும். யுவஸ்ரீக்கு இரண்டு வகுப்பு மேலே, அதே பள்ளிக்கூடம்.

"என்னா மாமா, யுவா ரேங்கு வாங்கிட்டாளாமே! எங்க போவுறா?"

"திரும்ப எழுதலாம்னு இருக்குறா வள்ளி."

ஸ்பாஞ்சு நின்றது. காதிலிருந்ததைப் பிடுங்கினாள். "யாரு சொன்னது? அவளா, நீங்களா?"

அவர் டீயை ஊதினார். பிறகுதான் ஞாபகம் வந்தவர்போல, "நீயும் இதே பரீட்சதானே எழுதுன? திரும்ப எழுதலியா?" என்றார். பேச்சை மாற்றுவதாக நினைப்பு.

"எழுதப்போறன்னுதான் வூட்ல இருந்தேன். எனக்கு ராஞ்சில கெடைச்சிது மாமா. அவ்ளோ தூரம் எதுக்கு, ஒரு வருஷம் இரு, திரும்ப எழுதி பக்கத்துல வாங்கிக்கன்னு எங்கம்மா சொல்லிச்சு. நானும் சரின்னேன். ரெண்டு மாசம் படிச்சேன். அப்புறம் அம்மாவுக்கு ஆப்ரேஷனு. அப்புறம் எங்கக்கா பிரசவத்துக்கு வந்துச்சு. சும்மாத்தானே இருக்க, ரெண்டு மாசம் போயிட்டு வான்னு இங்க அனுப்புனாங்க. டிசம்பரு வந்துச்சு, போச்சு." மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். "யாரும் புடிச்சு வெக்கல மாமா. அம்மா அழுது சண்ட போட்டிருந்தாக்கூட மீறிட்டுப் போயிருப்பேன். ஒன் நல்லதுக்குன்னாங்க பாருங்க, அதான் வெனை."

"ஒங்கம்மா கூடத்தானே இருக்குற? அது சந்தோஷமா இருக்கும்ல?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். "கூடத்தான் இருக்கேன். நான் அதுகிட்ட பேசி எத்தினி நாளாவுதுன்னு அதுக்குத்தான் தெரியும். சாப்டுறியாங்கும், வேணாம்பேன். அவ்ளோதான்."

டீ ஆறிப்போனது. தங்கதுரை எழுந்துபோய் டிராலியைத் தள்ளினார். வழக்கமாகத் தடம் பார்த்துத் தள்ளுகிறவர், அன்று சுவரில் இடித்து நாலு இன்சுலேட்டரை உடைத்தார். மேஸ்திரி கத்தினது அவர் காதிலேயே விழவில்லை. மகள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோமே, கண்ணெதிரே இருந்து பேசாமல் இருந்தால் என்ன செய்வது? சாமி எழுதினபடிதானே தீர்ப்புச் சொல்லும்? வியாழக்கிழமை ராத்திரி வீடு கிடந்த கிடப்பு நினைவுக்கு வந்தது. தீர்ப்பு அப்போதே ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

சனிக்கிழமை காலை அரை நாள் லீவு சொல்லிவிட்டு டி.வி.எஸ்.ஸை மணவாளநல்லூருக்கு விட்டார். அதே எழுத்தர்.

"பிராத வாபஸ் வாங்கணுங்க."

எழுத்தர் தேதியைக் கேட்டு நோட்டைப் புரட்டினார். "கட்டி ரெண்டு மாசம்கூட ஆவல. காரியம் முடிஞ்சிதா?"

"முடியப்போவுதுங்க. அதுக்குள்ள எடுத்துரணும்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒருத்தர் வந்ததில்லை போலிருக்கிறது. "காரியம் முடிஞ்சாத்தாங்க ராஜினாமா. முடியறதுக்கு முன்னாடி எடுக்கறதுன்னா, எனக்கு இந்தக் கேஸே வேணாம்னு நீங்க சொல்றதா ஆவும்."

"அப்படியே எழுதிக்குங்க."

"எதிராளியோட சமாதானமாப் போயிட்டீங்களா?"

தங்கதுரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் இரண்டு மூன்று பேர் மனுவோடு வரிசையில் நின்றார்கள். யாரோ செருமினார்கள்.

"எதிராளி எம் பொண்ணுங்க," என்றார். "அவளுக்கு இன்னும் தெரியாது."

எழுத்தர் சிரிக்கவில்லை. நோட்டை இந்தப் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். "காரணம்னு ஒண்ணு போடணுங்க. என்னா போட?"

"பிராது குடுத்தவன் பேர்லதான் தப்புன்னு போடுங்க."

முனியப்பர் சந்நிதிக்குப் போய்த் தான் கட்டின தாளைத் தேடினார். தேடினால் கிடைக்கிற இடமா அது? வேல் தெரியாத அளவுக்குத் தாள்மேல் தாளாகத் தொங்கியது. சுருட்டினது, மடித்தது, மழையில் நனைந்து மை கரைந்தது. அவ்வளவு பேருக்கு அவ்வளவு குறை. அத்தனை பேரும் இங்கே ஆளுக்கொரு தாளைக் கட்டிவிட்டுத் தனித்தனியாகத்தானே வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். "எடுத்துட்டேன் சாமி," என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கனகா செத்தபோது ஆஸ்பத்திரியில் கிட்டேகூட விடவில்லை, அன்றைக்கு அழ முடியாததையும் சேர்த்து அழுதார். பூ விற்கிற அம்மாள் பார்த்துவிட்டு, அந்தக் கோயிலில் அழுகிறவர்கள் புதிதில்லை என்பதால், திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. யுவஸ்ரீ வரலாற்றுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டேப் அலமாரிமேல் இருந்தது.

"சாப்டியாப்பா? டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், திரும்பவே எழுதுறேன்னு."

"பதிவு பண்ணு."

"என்னாது?"

"டேப்ப எடு. அஞ்சு மணி வரைக்கும் இருக்குதில்ல? பதிவு பண்ணு பாப்பா."

"நீதானே சொன்ன, நாலு மார்க்கு, ஒரு வருஷம்னு..."

"எனக்காவ சொன்னேன்." செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவண்டையிலேயே நின்றுகொண்டு சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். "நீ போயிட்டா இந்த வூட்ல நான் ஒத்தையில என்னா பண்ணுவேன்னு பயமா இருந்துச்சு. பெரிய யோசனக்காரன் மாதிரி பூசி மொழுகிட்டேன். நீ திரும்ப எழுதணும்னா எழுது, அது ஒன் இஷ்டம். எனக்காவ எழுதாத. என்னையப் பாத்து முடிவெடுக்காத."

யுவஸ்ரீ புத்தகத்தில் ஒரு விரலை வைத்து மூடினாள். பிறகு எழுந்துபோய் டேப்பை எடுத்துவந்தாள். அவர் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போன் உறுமியது. இந்தத் தடவை இருமவில்லை.

"நாலு. ஒம்போது. பூஜ்யம்."

"அப்புறம்?"

"ரெண்டு. ரெண்டு. ஏழு."

அவள் அடித்துமுடித்தாள். பக்கம் திறந்தது. ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்தினாள். திருச்சியை முதலில் போட்டாள், கிடைக்காது என்று தெரிந்தும். அதற்குக் கீழே கவுகாத்தி. எல்லாம் முடிந்த பிறகு, டேப்பிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"வியாழக்கெழமயும் வந்துச்சுப்பா. மூணு தடவையும் ஒன் பாக்கெட்ல உறுமுச்சு."

தங்கதுரை கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சும் கேக்கலியே நீ?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். சொல்லலன்னா இருந்துரலாம்னு நெனச்சேன்."

அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிராது சமாச்சாரத்தை மட்டும் அவர் இன்று வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. வக்கீலாக வரப்போகிறவளிடம் எந்த முகத்தோடு சொல்வார்?

கவுகாத்திதான் கிடைத்தது. ஜூலையில், அவளுக்கென்று ஒரு போனும் வாங்கிக்கொடுத்து, கொண்டுபோய் விட்டார். போகிற மூன்று நாளும் அவள் பேசினாள். வயலைக் காட்டினாள், பாலத்தைக் காட்டினாள், ஸ்டேஷன் பெயர்களை வாசித்துச் சொன்னாள். வருகிற மூன்று நாளும் அதே பாலங்கள்தான், அதே ஸ்டேஷன்கள்தான். எதுவும் அவருக்கு வாசிக்க வரவில்லை. எதிர் சீட்டில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. விருத்தாசலத்தில் இறங்கி வீட்டைத் திறந்தார். அவள் விட்டுப்போன ரிப்பன் ஒன்று ஜன்னல் கம்பியில் கிடந்தது. டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம்கூட இருக்காது, எழுந்து அதை அணைத்துவிட்டார். அதோடு பேசிப் பழகிவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

தனிமை என்பது அவர் பயந்த மாதிரியேதான் இருந்தது. குறைச்சலாக ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு வருவார், ஒரு டம்ளர் அரிசி போடுவார், ஜங்ஷனில் வண்டிகள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுப்பார். அவளும் பாவம், அங்கே மூச்சுவிட நேரமில்லாமல் படிக்கிறாள். எப்போதாவது கூப்பிட்டால், சாப்டியா, சாப்டேன் என்பதோடு சரி.

ஆனால் ஒன்று. கல்லூரியிலிருந்து வருகிற மெசேஜ் எல்லாம் இவர் போனுக்குத்தான் வந்தது. ஹாஸ்டல், மெஸ், லைப்ரரி, பரீட்சைத் தேதி. அவள் எந்தக் கதவைத் திறக்க வேண்டுமென்றாலும் ஓ.டி.பி. இங்கே ஜங்ஷனுக்குப் பின்னால் வந்து விழுந்தது. உடனே போன் வரும். "அப்பா, வந்துச்சா?" இவர் கண்ணாடியைத் தேடி மாட்டி வாசித்துச் சொல்வார்.

பாவம் படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு இடைஞ்சல் என்று, ஒருநாள் கடைத்தெருவில் போன் ரிப்பேர்க் கடையில் விசாரித்தார். "அவங்களே உள்ள போயி நம்பர மாத்திக்கலாங்க. ஒரு நிமிஷ வேல," என்றார் கடைக்காரர்.

அன்று சாயந்திரமே அவளிடம் சொன்னார். "நம்பர மாத்திக்கலாமாம் பாப்பா. ஒரு நிமிஷம்தானாம்."

"மாத்தணும்பா. மறந்து மறந்து போவுது."

சட்டப் புத்தகத்தில் எத்தனையாவது பிரிவில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பெண்ணுக்கு இது மறந்து போகிறதாம். தங்கதுரை போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "சரி, மொள்ள மாத்திக்க," என்றார்.

இப்போதும் சாயந்திரத்தில் போன் உறுமும். இங்கிலீஷில் இருக்கிற மற்ற எதுவும் புரியாவிட்டாலும், பத்து நிமிஷம் செல்லும் என்று போட்டிருக்கிற அந்த ஒரு வரியை அவர் எழுத்துக் கூட்டிப் படித்து வைத்திருக்கிறார். கண்ணாடியை மெதுவாகத் தேடுவார். முதல் எண்ணைச் சொல்வார். அங்கே மழையா என்று கேட்பார். இரண்டாவது எண்ணைச் சொல்வார். நேற்று என்ன சாப்பாடு என்று கேட்பார். அவளும் அவசரப்படுத்த மாட்டாள். ஆறாவது எண்ணைச் சொல்லும்போது ஒன்பதரை நிமிஷம் ஆகியிருக்கும்.